பிரசவத்துக்குப் பின் தாயும் சேயும்: வார்டு செவிலியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரசவ வார்டுக்குப் புதிதாக டியூட்டி போட்டு வரும் செவிலியர்களும் பயிற்சி மாணவிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் அவர்கள் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன. மருந்தளவுகள் நினைவூட்டலுக்குத்தான். உங்கள் மருத்துவமனையின் நடைமுறையும் மருத்துவரின் உத்தரவும்தான் முதலில்.

டெலிவரி முடிஞ்சதும் அம்மாவை எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை பாக்கணும்? என்னென்ன பாக்கணும்?

முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை. பல்ஸ், பி.பி., கர்ப்பப்பையின் கெட்டித்தன்மை, ரத்தப்போக்கு, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்பது. இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு சுற்று முடிந்தது என்று அர்த்தம். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கால் இறப்பவர்களில் பெரும்பாலானோருக்கு ஆபத்து தொடங்குவது முதல் 24 மணி நேரத்துக்குள்தான். அதிலும் முதல் இரண்டு மணி நேரம்தான் மோசம்.

கேஸ் ஷீட்டில் ‘நார்மல்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘மாலை 4.15, பல்ஸ் 84, பி.பி. 116/74, கர்ப்பப்பை தொப்புள் மட்டத்தில், கெட்டி, பேட் கால்வாசி நனைந்தது’ என்று எழுதினால்தான் அடுத்து வருபவர் 4.30க்குத் தான் பார்த்ததோடு ஒப்பிட முடியும். 84, 96, 108 என்று பல்ஸ் ஏறிக்கொண்டே போவது மூன்று ‘நார்மல்’களுக்குள் ஒளிந்துவிடும்.

கர்ப்பப்பை கெட்டியா இருக்குன்னு கையில எப்படித் தெரியும்?

தாயை மல்லாந்து படுக்க வைத்து முழங்காலைச் சற்று மடக்கச் சொல்லுங்கள். ஒரு கையை மறைவிட எலும்புக்கு மேலே வைத்துத் தாங்கிக்கொண்டு, மற்றொரு கையின் விளிம்பால் தொப்புளிலிருந்து கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள். உங்கள் நெற்றியைத் தொட்டால் எப்படி இருக்கிறதோ அந்தக் கெட்டி இருந்தால் சரி. கன்னம் போல விரல் உள்ளே போனால் கர்ப்பப்பை சுருங்கவில்லை. கீழே தாங்காமல் மேலிருந்து மட்டும் அழுத்தக் கூடாது, கர்ப்பப்பை கீழே இறங்கிவிடலாம்.

பிரசவம் முடிந்ததும் கர்ப்பப்பையின் மேல்விளிம்பு ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில் இருக்கும். பிறகு நாளுக்கு ஒரு விரல் அளவு இறங்கும். 10 முதல் 14 நாளில் வயிற்றின் மேல் கைக்குத் தட்டுப்படாது. தொப்புளுக்கு மேலே ஏறி வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால் முதலில் சிறுநீர்ப்பையைச் சந்தேகப்படுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை கர்ப்பப்பையைச் சுருங்க விடாது. 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் போயிருக்க வேண்டும். “கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே இருக்கு” என்று தாய் சொன்னால் நிம்மதி அடைய வேண்டாம். பெரும்பாலும் அது நிரம்பி வழிவதுதான்.

பேடைப் பாத்து எவ்வளவு ரத்தம் போச்சுன்னு எப்படிச் சொல்றது?

கண் மதிப்பீடு எப்போதும் குறைவாகத்தான் வரும். போன ரத்தம் அதிகமாக அதிகமாக நம் மதிப்பும் அதிகமாகப் பிசகும். எடை போடுவதுதான் நம்பகமான வழி. உலர்ந்த பேடின் எடையைக் கழித்தால், 1 கிராமை 1 மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய புடவைத் துணி என்றாலும் இதே கணக்குதான், வைக்கும் முன் ஒரு முறை எடை போட்டுக்கொள்ளுங்கள். தராசு இல்லையென்றால், முழுக்க நனைந்த பேட் சுமார் 100 மி.லி., 10 செ.மீ. சதுரச் சிறு துணி சுமார் 60 மி.லி. என்று கொள்ளலாம்.

மணிக்கு ஒரு பேட் முழுக்க நனைந்தால் காரணம் தேடுங்கள். 5 நிமிடத்துக்குள் நனைந்தால் அவசரம், குரல் கொடுத்து ஆள் கூப்பிடுங்கள். இன்னொன்று: பேட் சுத்தமாக இருக்கிறதே என்று திரும்பிவிடாதீர்கள். மல்லாந்து படுத்திருப்பவருக்கு ரத்தம் இடுப்புக்குக் கீழே ஓடி விரிப்பில் தேங்கும். ஒருக்களிக்கச் சொல்லி, கையை அடியில் விட்டுப் பாருங்கள்.

சுகப்பிரசவத்தில் 500 மி.லி., சிசேரியனில் 1,000 மி.லி. என்பது பாடப்புத்தக எல்லை. ஹீமோகுளோபின் 7 இருக்கும் பெண்ணுக்கு 300 மி.லி.யே தாங்காது.

பி.பி. 110/70 நல்லாத்தான் இருக்கு. ஆனா பல்ஸ் 118. டாக்டரைக் கூப்பிடணுமா, கொஞ்ச நேரம் பாக்கலாமா?

கூப்பிடுங்கள். கர்ப்பகாலத்தில் ரத்த அளவு கூடியிருப்பதால், இளம் உடம்பு கணிசமான ரத்தத்தை இழந்த பிறகும் பி.பி.யைப் பிடித்து நிறுத்தும். அது விழத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். பல்ஸை மேல் பி.பி.யால் வகுத்துப் பாருங்கள். 118ஐ 110ஆல் வகுத்தால் 1.07. பிரசவித்த பெண்ணுக்கு 0.9 தாண்டினாலே எச்சரிக்கை.

போனில் சொல்லும்போது “பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க” என்று சொன்னால் யாரும் ஓடி வர மாட்டார்கள். ‘பிரசவமாகி 50 நிமிடம், பல்ஸ் 15 நிமிடத்தில் 96லிருந்து 118, பி.பி. 110/70, கர்ப்பப்பை தளர்வு, எடை போட்டதில் 420 மி.லி., மசாஜ் செய்துகொண்டிருக்கிறோம், நீங்கள் வர வேண்டும்’ என்று சொல்லுங்கள்.

அவர் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கர்ப்பப்பை மசாஜ், சிறுநீர்ப்பையைக் காலி செய்வது, 16 அல்லது 18 அளவு ஊசியில் இரண்டு லைன், ரத்தம் குறுக்குச் சோதனைக்கு அனுப்புவது, உத்தரவுப்படி கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் டிரிப் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கட்டும். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம், 10 நிமிடத்தில் மெதுவாக நரம்பில் போகும். பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். கர்ப்பப்பையைச் சுருக்கும் மற்ற மருந்துகளில், பி.பி. அதிகமுள்ளவருக்கு மெத்தர்ஜின் கூடாது, ஆஸ்துமா உள்ளவருக்குக் கார்போப்ராஸ்ட் கூடாது. இவற்றைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பில் குறித்து வையுங்கள். ஆக்சிடோசின் ஆம்பூலின் இடம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் உள்ள பிரிட்ஜ். டிரேயிலேயே நாள்கணக்கில் கிடந்த ஆம்பூலைப் போட்டுவிட்டு “மருந்து கேக்கல” என்று சொல்வதில் அர்த்தமில்லை.

கர்ப்பப்பை கெட்டியாதான் இருக்கு, ஆனாலும் ரத்தம் நிக்கலையே?

அப்படியானால் கிழிசலைத் தேட வேண்டும்: கர்ப்பப்பை வாய், பிறப்புறுப்புச் சுவர், தையல் போட்ட இடம். பளிச்சென்ற சிவப்பில், விடாமல் சொட்டும் ரத்தம் பெரும்பாலும் கிழிசலிலிருந்துதான் வரும். நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று பதிவைப் பாருங்கள். கிண்ணத்தில் பிடித்த ரத்தம் உறையாமல் தண்ணீராகவே நின்றால் உறைதல் கோளாறு.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. பேடில் ரத்தமே இல்லை, தாயோ தையல் இடத்தில் தாங்க முடியாத வலி என்கிறார், மலம் வருவது போல முட்டுகிறது என்கிறார், பல்ஸ் ஏறுகிறது. உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். “தையல்னா வலிக்கத்தாம்மா செய்யும்” என்று மாத்திரை கொடுத்துவிட்டுப் போகாமல், விளக்கு வைத்துப் பாருங்கள்.

குழந்தை அழலைன்னா, ஒரு நிமிஷம் கழிச்சு அப்கார் போட்டுட்டுத்தானே பேக் மாஸ்க் ஆரம்பிக்கணும்?

இல்லை. அப்கார் என்பது குழந்தையின் நிலைக்கு 10க்குப் போடும் மதிப்பெண், ஒரு பதிவு மட்டுமே. பிறந்தவுடன் துடைத்து, சூடாக வைத்து, கழுத்தைச் சற்று நிமிர்த்தி, தேவையானால் வாயை முதலிலும் மூக்கை அடுத்தும் உறிஞ்சி, முதுகைத் தேய்த்துவிடுங்கள். அப்போதும் மூச்சு வரவில்லையென்றால் முதல் நிமிடத்துக்குள்ளேயே பேக் மாஸ்க் தொடங்கியிருக்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 40 முதல் 60. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் பெரும்பாலும் மாஸ்க் ஓரம் கசிகிறது, அல்லது தலையின் நிலை தவறு. நிறைமாதக் குழந்தைக்கு அறைக் காற்றே போதும், ஆக்சிஜன் தேடி நேரம் போக்காதீர்கள்.

அப்காரை 1, 5 நிமிடங்களில் போடுங்கள். 5ஆம் நிமிடத்தில் 7க்குக் கீழே இருந்தால் 5 நிமிடத்துக்கு ஒரு முறை 20 நிமிடம் வரை தொடருங்கள். முதல் நிமிடத்தில் எல்லாக் குழந்தைக்கும் 10 என்று எழுதியிருக்கும் ரெஜிஸ்டரை யாரும் நம்ப மாட்டார்கள். கை கால் நுனி நீலமாக இருப்பது அப்போது சகஜம், ஆகவே 9தான் வரும்.

தொட்டா சூடாத்தானே இருக்கு, தெர்மாமீட்டர் எதுக்கு?

எங்கே தொட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் சரி. வயிறு சூடு, பாதம் ஜில் என்றால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. இரண்டும் ஜில் என்றால் அவசரம். தொடுதல் தெர்மாமீட்டருக்கு மாற்றாகாது. அக்குளைத் துடைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அளந்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 36.4க்கு இறங்கினாலே தாயின் நெஞ்சோடு தோல் படச் சேர்த்து, குல்லாய் போட்டு, மேலே போர்த்தி, அரை மணியில் மறுபடி பாருங்கள். சிசேரியன் குழந்தைகள் ஏ.சி. தியேட்டரிலிருந்து வரும்போதே சூடு குறைந்து வருவதுண்டு.

37.5க்கு மேல் என்றால், சித்திரை வெயிலில் நாலு துணி சுற்றியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். தளர்த்திய பிறகும் இறங்கவில்லையென்றால் கிருமித் தொற்றை நினைக்க வேண்டும். பச்சிளங்குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் வர வேண்டும் என்பதில்லை, உடம்பு ஜில்லிட்டும் போகும். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம்.

மூச்சை 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கலாமா?

பெரியவர்களுக்கு வேண்டுமானால் செய்யுங்கள். பச்சிளங்குழந்தை சில நொடிகள் மூச்சை நிறுத்தி, பிறகு வேகமாக எடுப்பது இயல்பு. 15 நொடியில் அந்த இடைவெளி மாட்டினால் 28 வரும், வேகம் மாட்டினால் 72 வரும். அமைதியாக இருக்கும்போது வயிற்றைப் பார்த்து முழு 1 நிமிடம் எண்ணுங்கள். 30 முதல் 59 வரை சரி. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள், மறுபடியும் அதே என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 20 நொடிக்கு மேல் நின்றாலும், நெஞ்சுக்கூட்டின் அடி குழிந்தாலும், மூச்சை விடும்போது முனகல் கேட்டாலும் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் அவசரம்தான்.

தலையில வீக்கம் இருக்கு. எது தானா போகும், எது பயப்பட வேண்டியது?

பிறக்கும்போதே இருக்கிறது, மெத்தென்று அழுத்தினால் குழிகிறது, மண்டையோட்டு இணைப்புக் கோட்டைத் தாண்டிப் பரவியிருக்கிறது என்றால் அது நீர்க்கோத்த வீக்கம். ஓரிரு நாளில் வடியும். சில மணி நேரம் கழித்துத் தோன்றி, ஒரு எலும்பின் எல்லைக்குள்ளேயே நின்றால் எலும்புறைக்கு அடியில் ரத்தக்கட்டு. கரைய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை மஞ்சள் காமாலையைக் கவனிக்க வேண்டும். ஊசியால் குத்தி எடுக்கக் கூடாது, எண்ணெய் போட்டு உருவவும் கூடாது.

பயப்பட வேண்டியது மூன்றாவது வகை. வேக்குவம் போட்டு எடுத்த குழந்தைக்குத் தலை முழுவதும் தளதளவென்று பெருகி, பிடரிக்கும் காதுக்குப் பின்னும் இறங்கும். அந்த இடத்தில் குழந்தையின் ரத்தத்தில் பெரும்பகுதி தேங்கிவிடலாம். ஆகவே வேக்குவம் குழந்தைகளுக்குத் தலைச் சுற்றளவை அடிக்கடி அளந்து எழுதுங்கள். நிறம் வெளுப்பதும் இதயத் துடிப்பு 160ஐத் தாண்டி ஏறுவதும் அறிகுறிகள்.

பாட்டி சேனை தொட்டு வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. கழுதைப்பாலும் வாங்கிட்டு வந்துட்டாங்க. என்ன சொல்றது?

சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், உரைமருந்து எதுவும் வேண்டாம். தேனில் உள்ள ஒருவகைக் கிருமி வித்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாதத்தையே உண்டாக்கலாம். மற்றவை வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், வயிற்றை நிரப்பிச் சீம்பாலைத் தள்ளிப்போடும். பாட்டியோடு சண்டை போடுவதில் பயனில்லை. “முதல்ல அம்மாவோட சீம்பால்தான் சேனை, நீங்களே குழந்தையைப் பிடிச்சு மார்ல விடுங்க” என்று வேலையை அவர் கையிலேயே கொடுங்கள். ஆசி சொல்வதில் நமக்கு என்ன ஆட்சேபம்!

தொப்புளில் மஞ்சள், சாம்பல், எண்ணெய் வேண்டாம், காய்ந்தால் தானாக விழும். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது நுரையீரலுக்குள் எண்ணெயை அனுப்பும். சாம்பிராணிப் புகையும் கண்மையும் வேண்டாம்.

ரெண்டாம் நாளே “பால் பத்தல, பவுடர் எழுதிக் குடுங்க”ன்னு அழறாங்க. உண்மையிலேயே பத்தலைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிறுநீர், மலம், எடை மூன்றும் சொல்லும். முதல் நாள் ஒரு முறையாவது, இரண்டாம் நாள் இரண்டு முறையாவது சிறுநீர் என்று கூடிக்கொண்டே போய், 5ஆம் நாள் வாக்கில் 6 முறைக்கு மேல் வர வேண்டும். மலம் கருமையிலிருந்து பச்சையாகி, 4, 5ஆம் நாளில் மஞ்சளாக மாற வேண்டும். 4ஆம் நாளும் கருமலமே வந்தால் பால் உள்ளே போகவில்லை. துணியில் செங்கல் நிறக் கறை தெரிந்தால் பெரும்பாலும் அடர்ந்த சிறுநீரின் உப்பு, ரத்தமல்ல. தொடர்ந்தால் பாலூட்டலைக் கவனியுங்கள்.

எடை 10 சதவீதம் வரை குறையலாம். 3 கிலோ குழந்தை 2.7க்குக் கீழே போகக் கூடாது. அதே தராசு, துணியில்லாமல். 7 சதவீதம் தாண்டும்போதே ஒரு முழுப் பாலூட்டலை உட்கார்ந்து பாருங்கள். வாய் அகலத் திறந்து, மோவாய் மார்பில் பட்டு, கீழுதடு வெளிப்பக்கம் மடங்கி, கருவட்டம் மேலே அதிகமும் கீழே குறைவாகவும் தெரிகிறதா? விழுங்கும் சத்தம் கேட்கிறதா? காம்பை மட்டும் கவ்வியிருந்தால் தாய்க்குப் புண், பிள்ளைக்குப் பசி. ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை, இரவிலும் உண்டு.

மஞ்சள் தெரியுது. காலை வெயில்ல காட்டினா போதுமா?

போதாது. வெயில் சிகிச்சையாகாது, குழந்தை காய்ந்துபோவதும் சிகிச்சை தாமதமாவதும்தான் மிச்சம். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, எந்த நாளிலும் உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானாலோ உடனே ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் நிறமி) பரிசோதனை. பகல் வெளிச்சத்தில் விரலால் தோலை அழுத்தி எடுத்துப் பாருங்கள். கறுத்த குழந்தைக்கு ஈறும் கண்வெள்ளையும் நல்ல அடையாளம். ஒளிச்சிகிச்சை விளக்கில் வைத்த பிறகு கண்ணால் மதிப்பிட முடியாது, தோல் வெளுத்துவிடும், ரத்தத்தில் அளவு அப்படியே இருக்கும்.

பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய துணியைப் புதுக் குழந்தைக்குச் சுற்றுவது நம் வீடுகளில் சகஜம். ஜி6பி.டி. என்சைம் குறைவுள்ள குழந்தைக்கு அந்த நெடியே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சளைக் கிடுகிடுவென ஏற்றும். துவைத்து வெயிலில் காயவைத்த துணி கேளுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நீடித்து, மலம் சுண்ணாம்பு நிறத்தில் போனால் பித்தநாள அடைப்பா என்று பார்க்க வேண்டும். அதற்கான அறுவை 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம்.

கை கால் வெடுக்வெடுக்குனு நடுங்குது. பிட்ஸா?

நடுங்கும் காலை மெதுவாக மடக்கிப் பிடியுங்கள். நின்றுவிட்டால் வெறும் நடுக்கம். பிடித்த கைக்குள்ளும் துடித்தால், கண் ஒரு பக்கம் செருகினால், உதட்டைச் சப்புக்கொட்டினால், சைக்கிள் மிதிப்பது போலக் கால் அசைந்தால் பிட்ஸ். எதுவானாலும் சர்க்கரை பாருங்கள். 45 மி.கி.க்குக் கீழே இருந்தால் உடனே சொல்லுங்கள். குதிகாலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்த வேண்டும், ஈரம் கலந்தால் அளவு பிசகும்.

மூணாம் நாள் பெண் குழந்தைக்கு ரத்தம் பட்டுச்சு, மார்பும் வீங்கியிருக்கு?

தாயின் ஹார்மோன் வடிகிறது. சில நாளில் நின்றுவிடும். மார்பை அழுத்திப் பால் எடுக்க வேண்டாம், சீழ் பிடிக்கும். ரத்தம் தொப்புளிலிருந்தோ மலத்திலோ வந்தால் அது வேறு கதை. ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே 1 மி.கி. போட்ட பதிவு இருக்கிறதா பாருங்கள்.

சிசேரியன் அம்மாவுக்குத் தலைவலி. ஸ்பைனல்தானே காரணம்?

இருக்கலாம். எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறைந்தால் ஸ்பைனல் (முதுகுத்தண்டில் போட்ட மயக்க ஊசி) தலைவலி. படுத்தும் குறையவில்லை, கண் மங்குகிறது, மேல்வயிறு வலிக்கிறது என்றால் பி.பி.யைப் பாருங்கள். ‘பிரசவமாயிடுச்சு, இனி பி.பி. வராது’ என்ற நினைப்பு தவறு. 3 முதல் 6ஆம் நாளில்தான் அது உச்சத்துக்குப் போகும், அதாவது வீட்டுக்கு அனுப்பும் சமயத்தில். 140/90 என்றால் சொல்லுங்கள், 160/110 என்றால் ஓடுங்கள். மூன்றாவது காரணத்தை மறந்துவிடுகிறோம்: தலைவலியோடு வாந்தி, ஒரு பக்கம் பலவீனம், பிட்ஸ் இருந்தால் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். ‘தண்ணி குடிச்சா வயிறு போடும்’ என்று தாயைத் தாகத்தில் விடும் பழக்கம் இதற்குத் துணைபோகும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. கூடி பிட்ஸ் வந்தால் மக்னீசியம் சல்பேட் 50 சதவீதக் கரைசலில் புட்டத்துக்கு 5 கிராம் வீதம் மொத்தம் 10 கிராம் ஆழமாகத் தசையில் போட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். 2 மி.லி. ஆம்பூலில் 1 கிராம், எனவே ஒரு பக்கத்துக்கு 5 ஆம்பூல். அடுத்த டோஸுக்கு முன் முழங்கால் அனிச்சை இருக்க வேண்டும், மூச்சு 16க்குக் குறையக் கூடாது, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வர வேண்டும். ஒன்று தவறினாலும் டோஸை நிறுத்திச் சொல்லுங்கள். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

குடும்பக் கட்டுப்பாடு பண்ணிட்டாங்க. நெகட்டிவ் குரூப் அம்மாவுக்கு ஆண்டி-டி இன்னும் வேணுமா?

ஆண்டி-டி என்பது, பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் தாயிடம் உருவாகாமல் தடுக்கும் ஊசி. குழந்தை பாசிட்டிவ், தாயின் மறைமுகக் கூம்ஸ் சோதனை (அந்த எதிர்ப்பொருள் ஏற்கனவே இருக்கிறதா என்று பார்ப்பது) நெகட்டிவ் என்றால், 72 மணி நேரத்துக்குள் 300 மைக்ரோகிராம் போடுவதுதான் வழக்கம். ஆபரேஷன் செய்திருந்தாலும் பொதுவாகப் போடச் சொல்வார்கள். நாளைக்கே அவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம், ஆபரேஷனும் சிலருக்குத் தோற்பதுண்டு. 72 மணி தாண்டிவிட்டதே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள், 10 நாள் வரை ஓரளவு பலன் உண்டு.

புத்தகத்துல ஹோமன்ஸ் சைன் பாக்கச் சொல்லுது. பாக்கணுமா?

பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று பார்த்து, காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று சொல்லும் சோதனை அது. பரீட்சைக்கு எழுதுங்கள், வார்டில் நம்பாதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலிக்கிறதா என்று பாருங்கள். இரண்டு காலையும் ஒரே உயரத்தில் டேப் வைத்து அளந்து 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் சொல்லுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள்.

சும்மா சும்மா அழறாங்க. எப்ப கவலைப்படணும்?

3ஆம் நாளிலிருந்து வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்கினால் இயல்பு. தாண்டினால், அல்லது குழந்தை மேல் நாட்டமே இல்லையென்றால், மனச்சோர்வைக் கண்டறிய 10 கேள்வி கொண்ட எடின்பரோ அளவுகோலைப் போடுங்கள். கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு வரும் பதிலை விடாதீர்கள். திடீரென்று தூக்கமே இல்லாமல், சந்தேகப்பட்டு, சம்பந்தமில்லாமல் பேசினால் வீட்டார் காத்துக் கருப்பு என்று கோடாங்கியைத் தேடுவார்கள். அது மனநல அவசரம். குழந்தையோடு தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டு எழுதியாச்சு, வண்டியும் வந்தாச்சு. அப்பத்தான் “காலையிலேர்ந்து குழந்தை பால் குடிக்கல”ன்னு சொல்றாங்க. அனுப்பலாமா?

வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். நேற்றுவரை குடித்த குழந்தை இன்று குடிக்காதது தொற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம். மேலே சொன்னபடி அக்குள் வெப்பம், முழு நிமிட மூச்சு, சர்க்கரை, மஞ்சள் நான்கையும் பாருங்கள். துவண்டு கிடக்கிறதா, உச்சிக்குழி புடைத்திருக்கிறதா, தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவுக்கு அனுப்ப நேர்ந்தால் தாயும் கூடப் போகட்டும், வழியெல்லாம் நெஞ்சோடு தோல் படப் போர்த்திக்கொள்ளட்டும். பிறந்த நேரம், எடை, கடைசியாகப் பால் குடித்த நேரம், அளந்த எண்கள், கொடுத்த மருந்தும் நேரமும், தாயின் ரத்த வகை ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். கிளம்பும் முன் அந்தப் பிரிவுக்குப் போன் போட்டு, குழந்தை வருவதைச் சொல்லிவிடுங்கள்.